சில்லு தெரிந்த ஜன்னல்

ரதிக்கு விளங்காமல் இருந்தது ஒரேயொரு விஷயம்தான்.

கடவுச்சீட்டைத் தன் கையாலேயே முன்னிருக்கையின் முதுகுப் பைக்குள் செருகினாள். அது நல்ல நினைவு. விமானப் பணிப்பெண் தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள், அதை வாங்க ஒரு கை வேண்டியிருந்தது, அதனால் செருகினாள். பையின் வாய் இறுக்கமாக இருந்தது விரலில் இன்னும் நிற்கிறது. இறங்கும்போது எடுக்க மறந்துவிட்டாள். மறந்ததில் புதிர் எதுவும் இல்லை. அன்று காலை அவள் தன் பெயரைக்கூட மறந்திருப்பாள். ரொறன்ரோவின் மல்வேர்னில் மச்சாள் வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தபோது பகல் பன்னிரண்டு. உடனே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த விமானம் ஒட்டாவா போய்த் திரும்பி வந்து நின்றபோது ஏறித் தேடினார்கள். ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது. 2-ஏ இருக்கையின் பைக்குள் ஒன்றும் இல்லை. அடியிலும் இல்லை. பக்கத்து இருக்கையிலும் இல்லை.

வைத்த இடம் தெரியும். அந்த இடத்திலேயே தேடினார்கள். பிறகு எங்கே போனது?

"களவு போனது," என்றாள் சாம்பவி. "சாமானுக்குக் கால் முளைக்காது. மனிசருக்குத்தான் கை முளைக்கும்."

"பொறு," என்றார் அல்பேட்.

அல்பேட்டின் துப்பறியும் அலுவலகம் மில்லிக்கனில், ஒரு கடைத்தொகுதியின் மாடியில், கேக் கடைக்கு மேலே இருந்தது. வனிலா வாசம் படியேறி வந்து கோப்புகளுக்குள் குடியிருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாம்பவி அவருடைய உதவியாளர். அவளுக்கு முப்பத்தெட்டு, வாய்க்கு மட்டும் அதைவிட வயது கூட.

"இரவு எத்தினை மணிக்கு பிளேன், ரதி?" என்று கேட்டார் அல்பேட்.

"ஒன்பதே முக்கால். பியர்சன் எயர்போட்டிலயிருந்து." ரதி தன் குரலைத் தானே தூரத்திலிருந்து கேட்டாள். காலையிலிருந்து காது அடைத்திருந்தது. உடம்பும் அப்படித்தான், பல்லுக்கு ஊசி போட்டபின் உதடு இருப்பதுபோல. தன்னுடையதுதான், தொட்டால் தெரியவில்லை. "திங்கள் விடியக் கொழும்பு. ரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில அம்மாவை எடுக்கினம். நீ வந்து முகம் பாக்காமல் பெட்டி மூட மாட்டம் எண்டு அண்ணா சொன்னவர். ஆனா ரண்டு மணிக்கு மேல வைச்சிருக்கேலாதாம்."

"அடுத்த பிளேன்?"

"ஞாயிறு இடமில்லை. திங்கள்தான்."

"இண்டைக்குச் சனி. பாஸ்போட் ஒப்பீசும் பூட்டு. திங்கள் வெளிக்கிட்டா..." சாம்பவி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் முடிக்காமல் விடும் வாக்கியங்கள் வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான்.

ரதி சொன்ன கதை சிறியது. வடக்கே டிமின்ஸ் என்ற சிறு நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. அம்மாவுக்குக் கடுமை என்று அறிந்து, ஊருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்து, முதலில் ரொறன்ரோவுக்கு வரும் காலை விமானத்துக்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் அண்ணா அழைத்து, முடிந்துவிட்டது என்றார். எதிர்க் கதிரையில் ஒரு தமிழர் இருந்தார்.

"'தமிழோ தங்கச்சி' எண்டு கேட்டார். ஓம் எண்டன். ஏதும் உதவி தேவையெண்டா எடுங்கோ எண்டு கார்ட் தந்தார். பிளேனிலயும் எனக்குப் பக்கத்துச் சீற். 2-பி."

மேசையில் அட்டையை வைத்தாள். சீமோன். பிறம்ரனில் ஒரு லொறிப் போக்குவரத்து நிறுவனம். சுமை அனுப்பும் பொறுப்பாளர்.

"மச்சாள் சொல்லுறா, உவர்தான் எடுத்திருப்பார் எண்டு."

"கனடா பாஸ்போட்டுக்கு வெளியில நல்ல மதிப்பு," என்றாள் சாம்பவி. "என்ர மனுசனுக்கே அவ்வளவு மதிப்பில்லை."

"பாஸ்போட் எடுக்கப் போறவன் தன்ர பேரும் அட்ரசும் அடிச்ச கார்டையும் குடுத்துவிட்டு எடுப்பானோ?" என்று கேட்டபடி அல்பேட் எழுந்தார். "எண்டாலும் 2-ஏக்குப் பக்கத்தில இருந்தது அவர் ஒராள்தான். வேற நூல் இல்லை. பிறம்ரன் பியர்சனுக்குக் கிட்ட. ரதி, உங்கட சூட்கேஸையும் என்ர காரில ஏத்துங்கோ."

"ஏன் அண்ணை?"

"கிடைச்சா அப்பிடியே போகலாம்."

சூட்கேஸை டிக்கிக்குள் வைக்கும்போது ரதிக்கு நம்பிக்கை வரவேண்டும். வரவில்லை. பாரம் மட்டும் தெரிந்தது.

*

மார்ச் மாதம். தெருவோரப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. ஸ்ரீல்ஸ் தெருவில் இடப்பக்கம் திரும்பும் வரிசையில் நின்றபோது அல்பேட் பின்கண்ணாடியில் ரதியைப் பார்த்தார்.

"ரதி, ஒண்டு செய்வம். அந்த பிளேனில திரும்ப ஒருக்கா ஏறுவம்."

"அண்ணை, அவவுக்கு இருக்கிற பிளேனைப் பிடிக்கவே வழியில்லை," என்றாள் சாம்பவி.

"நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. கண்டது, கேட்டது, தோலில பட்டது. படியில இருந்து துவங்குங்கோ."

ரதி கண்ணை மூடினாள். மூடியதும் இயந்திரத்தின் இரைச்சல் காதுக்குள் திரும்பி வந்தது. அது போகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டிமின்ஸில் விமானத்துக்குள் நேரே கொண்டுபோய் விடும் குழாய்ப் பாதை கிடையாது. கதவைத் திறந்து வெளியே விட்டார்கள். பனி வழித்த தரையில் நடந்து போனார்கள். விமானம் பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்துபோல் பக்கத்திலேயே நின்றது. அதன் கதவே கீழே மடிந்து படியாகியிருந்தது. கையில் இழுத்து வந்த பெட்டிகளைப் படியடியில் விடச் சொன்னார்கள். உள்ளே தலைக்கு மேலுள்ள தட்டில் ஒரு குளிர்சட்டையை மடித்து வைக்கலாம், அவ்வளவுதான். இறக்கைகள் ஜன்னல்களுக்கும் மேலே இருந்தன. ஒவ்வொரு இறக்கையின் கீழும் ஒரு நீள இயந்திரம், அதன் மூக்கில் சுழல்விசிறி.

"ஃபான் பூட்டின பிளேன்," என்றாள் சாம்பவி. "நான் ஒருக்கா ஏறினனான். காசு குடுத்து மிக்சிக்குள்ள இருந்த மாதிரி."

"சுத்தத் துவங்கேக்க ஒவ்வொரு தகடாத் தெரிஞ்சுது," என்றாள் ரதி. "பிறகு ஒரு தட்டு மாதிரி. பிறகு ஒண்டுமே இல்லை, அந்தப் பக்கம் எல்லாம் தெரியுது. சீற், சுவர், கால் வைச்ச இடம் எல்லாம் அதிர்ந்தது. தண்ணிக் கோப்பையில வட்டம் வட்டமா வந்தது. எனக்கு அது நல்லாயிருந்தது அண்ணை. என்ர கை நடுங்குதோ பிளேன் நடுங்குதோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அல்பேட் காரை ஓர் அடி முன்னே நகர்த்தினார்.

"மேல போனாப்பிறகு?"

"ஒரு சத்தம் வந்து வந்து போனது. ஊம்... ஊம்... எண்டு. ஆரோ மூச்சு விடுற மாதிரி. கொஞ்சத்தால நிண்டிட்டுது."

அல்பேட்டின் முகம் மலர்ந்தது. முன்னால் நின்ற இரண்டு கார்களைக் காட்டினார். இரண்டிலும் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. "உதைப் பாருங்கோ. இப்ப ரண்டும் சேந்து மின்னுது. கொஞ்சத்தால ஒண்டு பிந்தும். பிறகு மாறி மாறி மின்னும். பிறகு திரும்பச் சேரும். ஏன்? ரண்டின்ர வேகத்திலயும் ஒரு மயிரிழை வித்தியாசம். பிளேனில ரண்டு ஃபானும் அதே மாதிரித்தான். சத்தம் சேரேக்க 'ஊம்', பிரியேக்க அடக்கம். ரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தா அந்த மூச்சு நிண்டிடும்."

"அண்ணை, பச்சை விழுந்து கனநேரம்," என்றாள் சாம்பவி. "பின்னுக்கு நிக்கிறவன் இப்ப எங்களுக்கு 'ஊம்' சொல்லப் போறான்."

407 நெடுஞ்சாலையில் ஏறியபின் ரதி தொடர்ந்தாள். பெரிய விமானம்போல அது முகிலுக்கு மேலே போய் ஒளிந்துகொள்ளவில்லை. முகில்களுக்கு நடுவிலேயே போனது. மேடு பள்ளமான ஒழுங்கையில் போவதுபோல் குலுங்கியது. கீழே காடும், உறைந்த குளங்களும், ஒரு குளத்தின் மேல் யாரோ வண்டியோட்டிய தடமும் தெளிவாகத் தெரிந்தன.

"பக்கத்தில சீமோன் என்ன செய்தவர்?"

"தெரியாது. நான் திரும்பிப் பாக்கேல்லை. இடது தோளைச் சுவரில சாய்ச்சபடியே இருந்தன். சுவர் குளிர்."

"அவர் எழும்பினவரோ? உங்கட பக்கம் கை நீட்டினவரோ?"

"தெரியாது அண்ணை."

சாம்பவி குறிப்பேட்டில் எழுதினாள். "சாட்சி ஒராள். அவவும் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தவ. வடிவான கேஸ்."

"இறங்கினதைச் சொல்லுங்கோ," என்றார் அல்பேட்.

ரொறன்ரோவில் அந்த விமானம் இறங்குவது நகரத்தின் விளிம்பில் உள்ள தீவு விமான நிலையத்தில். ஓடுபாதை ஏரிக்கு நடுவில். ஜன்னலில் இருப்பவருக்குக் கடைசிவரை தரை தெரியாது.

"தண்ணி கிட்டக் கிட்ட வந்தது. தண்ணிக்குள்ளதான் போகுது எண்டு நினைச்சன். சரி, போகட்டும் எண்டிருந்தது." ரதி அதைச் சந்தையில் மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப முன்னுக்கு டொக் எண்டு ஒரு சத்தம். எஞ்சினுக்குக் கீழ ஒரு கதவு திறந்து ரண்டு டயர்ச் சில்லு தொங்கினது. ஆரோ ஒராளின்ர கால் மாதிரி. அது மெல்ல நீண்டு நேரா நிண்டது. சுத்தவே இல்லை. நிலத்தில முட்டினவுடன புகை வந்தது. நான் அதையே பாத்துக்கொண்டிருந்தன்."

"புகை ஏன் வந்தது தெரியுமே? சில்லு நிக்குது, நிலம் ஓடுது. முட்டின கணத்தில சில்லு அந்த வேகத்துக்கு வரவேணும். அதுவரைக்கும் ரப்பர் உரசி எரியும். அதுதான்..." அல்பேட் சொல்லிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தினார். விளக்கத்தை அவர் பாதியில் நிறுத்தியதைச் சாம்பவி இதற்குமுன் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"சில்லை வடிவாக் கண்டனீங்களோ, ரதி?"

"வேற ஒண்டும் வடிவா நினைவில்லை. அது மட்டும்தான்."

"பிறகு உடன இறங்கினனீங்களோ?"

"இல்லை. எல்லாரும் போய் முடியுமட்டும் இருந்தன்."

அல்பேட் தலையை ஆட்டினார். பிறம்ரனுக்குப் பிரியும் வழியில் காரைத் திருப்பினார்.

*

சீமோனின் முற்றத்தில், லொறிகளுக்குப் பின்னால் பூட்டும் முப்பது நாற்பது இழுவைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு தகரக் கொட்டில், அதுதான் அலுவலகம். செம்மஞ்சள் மேற்சட்டை போட்ட சீமோன் ரதியைக் கண்டதும் எழுந்துவிட்டார். மணி மூன்று இருபது.

"தங்கச்சி! இண்டைக்கு இரவெல்லோ பயணம் எண்டு சொன்னனீங்கள்? என்ன, உதவி ஏதும்...?"

"உதவிதான்," என்றாள் சாம்பவி. "இவவின்ர பாஸ்போட் காணேல்லை. பிளேனில முன்பொக்கற்றுக்க வைச்சவ. பக்கத்தில இருந்தது நீங்கள். இனி நீங்கள் சொல்லுங்கோ."

சீமோன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று ரதி எதிர்பார்த்தாள். அவர் குழம்பினார்.

"பக்கத்தில? இல்லையே. அவ எனக்குப் பக்கத்தில பறக்கேல்லை."

"2-பி உங்கட சீற் இல்லையோ?"

"என்ர சீற்தான். 2-ஏ அவவின்ர. ரண்டு பேரும் வந்து இருந்தனாங்கள், சரி. ஆனா கதவு பூட்டினவுடன அந்தப் பணிப்பெண் வந்து இவவையும் இன்னும் மூண்டு பேரையும் எழுப்பிப் பின்னுக்குக் கொண்டுபோனவ. என்னையும் கேட்டவ. முழங்கால் ஏலாது எண்டன். டிமின்ஸில லொறி பழுதாகி ரண்டு நாள் குளிருக்க நிண்டு என்ர கால் கம்பாப் போச்சு."

"ஏன் எழுப்பினவ?"

"பாரத்துக்கு!" இது தெரியாதா என்பதுபோல் சீமோன் ஜன்னலுக்கு வெளியே ஓர் இழுவைப் பெட்டியைக் காட்டினார். "உதுக்குள்ள பலகைத் தட்டில கட்டி வாற சாமான் எல்லாத்தையும் மூக்குப் பக்கம் அடுக்கினா முன் அச்சு தாங்காது. நெடுஞ்சாலைத் தராசில மறிச்சுப் போடுவான். அப்ப நாங்கள் என்ன செய்யிறது? சாமானைக் குறைக்கிறேல்லை, கொஞ்சத்தைப் பின்னுக்கு நகத்திறது. மொத்தம் அதே பாரம்தான், இருக்கிற இடம்தான் பிழை. பிளேனிலயும் பதினாலு பேர், பாதிக்கு மேல முன் வரிசைகளில. சின்ன பிளேன், மூக்குப் பாரம் கூடும். எங்களையும் தட்டுச் சாமான் ஆக்கிப்போட்டினமே எண்டு எனக்குச் சிரிப்பு."

"இல்லை," என்றாள் ரதி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் எழும்பேல்லை. நான் 2-ஏயிலதான் இருந்தன். போர்டிங் பாஸில இருக்கு." கைப்பையிலிருந்து கசங்கிய துண்டை எடுத்துக் காட்டினாள். அதில் 2-ஏ என்றுதான் இருந்தது. இரண்டு நாட்களில் அவளுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று அதுதான். அதையும் பறிக்கப் பார்க்கிறார்கள். "எனக்குப் பக்கத்தில நீங்கள் இருந்தனீங்கள். உங்கட கை முட்டினது."

"ஏறின உடன முட்டியிருக்கும் தங்கச்சி. நானே 'சொறி' சொன்னனான்."

சாம்பவி அல்பேட்டின் காதுக்குள் குனிந்தாள். ரகசியம் என்று அவள் நினைத்தது முற்றம்வரை கேட்டது. "அண்ணை, கதை நல்லா அடுக்கியிருக்கு. இவர் அடுக்கிறதில கெட்டிக்காரன்தானே. கம்பனியின்ர கணக்கில அவ 2-ஏ. துண்டில 2-ஏ. அவவின்ர வாயில 2-ஏ. இவர் ஒராள்தான் வேற."

"ஓம்," என்றார் அல்பேட். "மூண்டு சாட்சி ஒரு பக்கம், ஒராள் மற்றப் பக்கம். ஆனா அந்த மூண்டும் ஒரே துண்டைப் பாத்துத்தான் சொல்லுது." சீமோனிடம் திரும்பினார். "தம்பி, ஒரேயொரு கேள்வி. தீவில இறங்கேக்க சில்லு வெளிய வந்ததைக் கண்டனீங்களோ?"

"சில்லோ?" சீமோன் சிரித்தார். "ரண்டாம் வரிசையில இருந்து சில்லை எப்பிடிக் காணுறது? ஃபானே என்ர தோளுக்குப் பின்னால. சில்லு அதுக்கும் பின்னால. பக்கத்து சீற் காலிதானே, நான் ஜன்னலுக்கே போய் இருந்து பாத்தனான். தண்ணி மட்டும்தான் தெரிஞ்சுது."

அல்பேட் மேசையிலிருந்த ஸ்ரேப்ளரை எடுத்து ரதிக்கு முன்னால் வைத்தார். "இதுதான் பிளேன். மூக்கு இந்தப் பக்கம்." ஒரு பேனா மூடியை நடுவில் வைத்தார். "இது எஞ்சின். சில்லு எஞ்சினின்ர பின்பக்கத்துக்குள்ளதான் மடிஞ்சு கிடக்கும். ரண்டாம் வரிசை இஞ்ச, மூக்கடியில. அங்க இருக்கிற ஆளுக்குச் சில்லு முதுகுக்குப் பின்னால. ரதி, காரில நீங்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ. டொக் எண்ட சத்தம் எங்கயிருந்து வந்தது?"

"முன்னுக்கு..."

"சில்லு எங்க தொங்கினது?"

ரதி பதில் சொல்ல வாய் திறந்தாள். கை தன்பாட்டில் உயர்ந்தது. சுட்டுவிரல் நேரே முன்னால் நீண்டது; சற்று இடப்பக்கமாக, சற்று மேலே.

அந்த விரலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளில் ஒரு கை பட்டது. ஊதா நகப்பூச்சு. ஏதோ சொன்னது அந்தக் கை, அவள் எழுந்தாள். நடுவில் கம்பளத் தரை, ஒடுக்கமாக. தன் சப்பாத்தின் நுனியில் உப்புக்கறை. இரண்டு பக்கமும் முழங்கால்கள், பிறகு காலி இருக்கைகள், பிறகு வேறொரு ஜன்னல். பிறகு தண்ணீர்.

"நான் எழும்பினனான்," என்றாள் ரதி. "நடந்தனான். அதுக்குப் பிறகுதான் தண்ணி தந்தவ."

"தண்ணிக்காகத்தானே பாஸ்போட்டைச் செருகினனீங்கள்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் செருகினது 2-ஏயின்ர பொக்கற்றுக்க இல்லை."

சாம்பவி சீமோனைப் பார்த்தாள். "சொறி அண்ணை. நான் உங்களைக் கள்ளன் ஆக்கிப்போட்டன். தேத்தண்ணி நான் வாங்கித் தாறன்." பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

*

மணி மூன்று நாற்பது.

தீவு விமான நிலையத்தின் பயணப்பொதிக் கருமபீடத்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். சாம்பவியின் பெயரைக் கேட்டதும் பேச்சை நிறுத்தினாள். "நீங்க தமிழா மேடம்? நான் ஸ்ரீநிதி. திருச்சி."

"கடவுளே, நல்லதாப் போச்சு. ஸ்ரீநிதி, காலமை டிமின்ஸில இருந்து வந்த பிளேன் இப்ப எங்க?"

"இருங்க, பார்க்கிறேன்." விசைப்பலகை தட்டும் ஒலி. "இங்கதான் நிக்குது மேடம். நாலு அஞ்சுக்குக் கிளம்புது. அதுக்கப்புறம் நாளைக்குத்தான் டொராண்டோ வரும்."

இருபத்தைந்து நிமிடம். ரதியின் விரல் அந்தக் கசங்கிய துண்டை மடித்து, விரித்து, மடித்தது.

"ஒரு பாஸ்போட் அதுக்குள்ள கிடக்கு. தேடவேணும்."

"ரதிங்கிற பேர்ல மத்தியானமே ஒரு புகார் இருக்கே? 2-ஏ பார்த்தாச்சு, இல்லைன்னு போட்டிருக்காங்க."

"2-ஏயில இல்லை. அவ அங்க பறக்கேல்லை. பாரத்துக்காக ஆளைப் பின்னுக்கு மாத்தினவை."

"ஆனா கணினியில 2-ஏ தானே மேடம் காட்டுது?"

"கணினி பிளேனில ஏறேல்லை, ஸ்ரீநிதி. அவதான் ஏறினவ."

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. "சரி. எந்த சீட்னு சொல்லுங்க. பயணிகளை ஏத்த ஆரம்பிச்சிட்டா முழு விமானத்தையும் தேட விடமாட்டாங்க."

சாம்பவி அல்பேட்டைப் பார்த்தாள். அல்பேட் ஸ்ரேப்ளரைப் பார்த்தார். "ரதி, எந்தத் தோள் குளிர்ந்தது?"

"இடது."

"இடப்பக்கம். ஜன்னல். சில்லு முன்னால தெரிஞ்சபடியால் எஞ்சினுக்குப் பின்வரிசைகள். உங்களுக்குப் பின்னால சீற் இருந்ததோ, சுவரோ?"

"சீற்... ஓம். சாய்ச்சுப் பாத்தன், சாய்ஞ்சது."

"அப்ப கடைசி வரிசையும் இல்லை. சில்லு அவ்வளவு வடிவாத் தெரிஞ்சபடியால் அதுக்குக் கிட்டத்தான்." அவர் தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "பிள்ளை, இடப்பக்க ஜன்னல் சீற்றுகள், ஒன்பதில இருந்து பன்னிரண்டு வரை. நாலே நாலு பொக்கற். பாதுகாப்பு அட்டைக்குப் பின்னாலயும் கை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ."

"லைன்லயே இருங்க, சார்."

காத்திருந்தார்கள். வெளியே ஓர் இழுவைப் பெட்டி பின்னோக்கி வந்தது. பீப், பீப் என்று அதன் எச்சரிக்கை ஒலி. சீமோன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ரதி ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள்; தொங்கிய இரண்டு சில்லுகள்தான் வந்தன.

தொலைபேசிக்குள் இன்னொரு குரல், கரகரவென்று, ஆங்கிலத்தில். ஸ்ரீநிதி அதைத் தமிழாக்கினாள்.

"ஒன்பது இல்லை... பத்து, ஒரு டிஷ்யூ இருக்கு, வேற ஒண்ணும் இல்லை..."

சாம்பவி தொலைபேசியை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

"பதினொண்ணு..." நீண்ட இடைவெளி. "மேடம், அவங்க முழுப்பேர் சொல்லுங்க."

"ரதி ஸ்ரீஸ்கந்தராசா," என்றாள் ரதி. பெயர் மறக்கவில்லை.

"அட்டைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். பேரு ஒரு வரி முழுக்க இருக்குன்னு சொல்றாங்க. அது நீங்கதானே? ஓட்டுநர் உரிமம் எடுத்துட்டு நேர்ல வாங்க. என் ஷிஃப்ட் ஆறு வரைக்கும். வர்ற வரைக்கும் நானே வச்சிருக்கேன்."

சீமோன் ஏற்கெனவே வெளியே போய் முற்றத்தின் வாசல்கதவை அகலத் திறந்துகொண்டிருந்தார். சாம்பவி கார்ச் சாவிக்குக் கை நீட்டினாள். "நான் ஓட்டுறன். நீங்கள் ஓட்டினா ஒவ்வொரு சிக்னலுக்கும் விளக்கம் சொல்லுவியள்."

இங்கிருந்து தீவு நிலையம், அங்கிருந்து பியர்சன். ஏழு மணிக்குள் போய்விடலாம். சூட்கேஸ் டிக்கிக்குள்ளேயே இருந்தது.

படியிறங்கும்போது ரதி நின்றாள். "அண்ணை, எனக்கு இன்னும் விளங்கேல்லை. திரும்ப ஒருக்கா சொல்லுங்கோ."

அல்பேட் இம்முறை சுருக்கமாகச் சொன்னார்.

"விமானத்தின்ர பாரம் சரிவர உங்களை 2-ஏயில இருந்து 11-ஏக்கு மாத்தினவை. கணினியில மாத்தேல்லை. தேடினவை கணினி சொன்ன சீற்றில தேடினவை. பாஸ்போட், நீங்கள் உண்மையா இருந்த சீற்றுக்கு முன்னால, நீங்கள் வைச்ச இடத்திலயே இருந்தது. ஒருத்தரும் எடுக்கேல்லை."